பெயர் எழுதாத சட்டை

(நமது டிரஸ்ட் நடத்திய மஹல்லா இளைஞர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் பந்து விளையாடியவன் அல்ல. கல்லூரியில் படிக்கும்போது மைதானத்தில் எனக்குக் கிடைத்த பதவி, விளையாடுகிறவர்களின் பையையும் செருப்பையும் காவல் காப்பது. ஆகவே யார் நன்றாக அடித்தார், யார் வாய்ப்பைத் தவறவிட்டார் என்றெல்லாம் நான் பேசப் போவதில்லை. அதைச் சொல்ல நடுவர் இருக்கிறார். அவரையும் நீங்கள் இன்று நிம்மதியாக விடவில்லை.

நான் பேச வந்தது சட்டையைப் பற்றி. இன்று நான்கு அணிகளும் பழைய பனியனோடு ஆடின. ஓர் அணிக்கு மூன்று நிறத்தில் பனியன். யாருக்குப் பந்தைக் கொடுப்பது என்று தெரியாமல் எதிரணிக்கே கொடுத்த தம்பி ஒருவரையும் பார்த்தேன். இது ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு நிறுவனத்தின் ஆள் நம் அலுவலகத்துக்கு வந்தார். நான்கு அணிக்கும் ஜெர்சி, ஷூ, கோப்பை, மதியச் சாப்பாடு எல்லாம் தருகிறோம், ஜெர்சியின் நெஞ்சில் எங்கள் பெயர் இருக்க வேண்டும் என்றார். கைப்பேசியில் காசு வைத்துச் சீட்டாடும் நிறுவனம் அது. நிர்வாகக் குழு வேண்டாம் என்று சொன்னது. தம்பிகளுக்கு வருத்தம். "நாங்க சீட்டா ஆடப் போறோம், பந்துதானே ஆடப் போறோம், பேரு மட்டும்தானே" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அன்று அலுவலகத்தில் கூட்டம், நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். என் பதிலாகச் சொல்லாமல், இதே கேள்வியை உலகம் பார்க்க எதிர்கொண்ட ஒரு பந்து வீரரின் கதையாகச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஃப்ரெடெரிக் கனூத்தே. ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகிவிட்டதால் சிறு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் சிலர் தலையாட்டுகிறீர்கள்.

1977-இல் பிரான்சில், லியோன் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். தகப்பனார் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டுக்காரர், தாயார் பிரெஞ்சுக்காரர். மாலி என்றால் திம்புக்து இருக்கும் நாடு. நம் மதரஸாப் பாடங்களில் அந்த ஊரின் கிதாபுகளையும் உலமாக்களையும் பற்றிக் கேட்டிருப்பீர்கள். பையன் வளர்ந்ததோ பிரான்சில். மார்க்கத்தைத் தானாகத் தேடிப் படித்து, தொழுகை நோன்பு என்று ஒழுங்காகக் கடைப்பிடிக்கத் தொடங்கியது ஏறக்குறைய இருபது வயதில். பந்து வாழ்க்கை தொடங்குவதும் அதே சமயம்தான். சம்பளம், புகழ், இரவு விருந்துகள் எல்லாம் சேர்ந்து வந்து கதவைத் தட்டுகிற வயது. அந்த வயதில் ஒரு பிள்ளை தொழுகைப் பாயைத் தேடிப் போயிருக்கிறார் என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

லியோன் கிளப்பில் ஆரம்பித்தார். 2000-இல் லண்டனுக்கு வந்து வெஸ்ட் ஹாம் அணியில் ஆடினார். 2003-இல் அந்த அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியபோது, லண்டனிலேயே இருக்கும் டாட்டன்ஹாம் அணிக்கு மாறினார். நல்ல வீரர் என்று பெயர் இருந்தது, பெரிய வீரர் என்ற பெயர் இன்னும் வரவில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார். இளையோர் அணியில் அவர் பிரான்சுக்காக ஆடியிருந்தார். அன்றைய விதிப்படி அப்படி ஆடியவர் பிறகு வேறு நாட்டுக்கு ஆட முடியாது. அந்த விதியை ஃபிஃபா தளர்த்தியவுடன் கனூத்தே தகப்பன் நாடான மாலியைத் தேர்ந்தெடுத்தார். 2004-இல் துனீசியாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போனார். சம்பளம் கொடுக்கும் லண்டன் கிளப்புக்கு அது பிடிக்கவில்லை, பருவத்தின் நடுவில் ஆள் போகிறாரே என்று. அவர் போய் நான்கு கோல் அடித்தார். அந்தப் போட்டியில் அதிக கோல் அடித்தவர்களின் வரிசையில் முதலிடத்தைச் சிலரோடு பகிர்ந்துகொண்டார். மாலி அரையிறுதி வரை போனது. ஐரோப்பாவில் சம்பாதிக்கும் ஒருவர், உலகக் கோப்பை வென்ற நாட்டுக்காகக் காத்திருக்காமல், உலகக் கோப்பைக்கே போகாத நாட்டுக்கு ஆடப் போனதில் கணக்குப் பார்த்தால் லாபம் ஒன்றும் தெரியாது.

2005-இல் ஸ்பெயின் போகிறார். ஊர், செவியா. இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் பின்னால் வரப்போவது புரியாது. அரபு வரலாற்று நூல்களில் இஷ்பீலியா என்று வருவது இந்த ஊர்தான். இப்னு அரபி அவர்கள் வாழ்ந்து கல்வி கற்ற ஊர். 1248-இல் காஸ்டில் அரசரிடம் வீழ்ந்தது. அங்கே இன்றைக்கும் ஊருக்கே அடையாளமாக நிற்கும் ஹிரால்தா என்ற கோபுரம், முவஹ்ஹிதுகள் கட்டிய பெரிய பள்ளிவாசலின் மினாரா. இப்போது அதில் தேவாலய மணி தொங்குகிறது. சுற்றுலாப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் பாங்கு ஒலித்த அந்த ஊரில், கனூத்தே போய் இறங்கியபோது, ஜும்ஆ தொழ வாடகைக் கட்டடம்தான் இருந்தது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், தம்பிகள் காத்திருக்கிறார்கள். செவியா கிளப் அதுவரை ஐரோப்பியக் கோப்பை எதையும் வென்றதில்லை. 2006-இல் யூஏஃபா கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவை 4-0 என்று வென்றது. நான்காவது கோல் கனூத்தேயுடையது. அடுத்த ஆண்டும் அதே கோப்பை. கிளாஸ்கோவில் எஸ்பன்யோல் அணியோடு நடந்த அந்த இறுதி ஆட்டத்திலும் கூடுதல் நேரத்தில் அவர் கோல் அடித்தார். ஆட்டம் 2-2 ஆகி, பெனால்டியில் செவியா வென்றது. 2006-07 பருவத்தில் ஸ்பெயின் லீக்கில் மட்டும் 21 கோல். 2007 ஆகஸ்டில் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் அவர்களை 5-3 என்று தோற்கடித்து ஸ்பெயின் சூப்பர் கோப்பையை வாங்கினார்களே, அதில் மூன்று கோல் இவர் அடித்தது. அந்த ஆண்டுக்கான சிறந்த ஆப்பிரிக்க வீரர் விருதும் அவருக்கே. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பிறந்த ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை.

குறையே இல்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். 2007 ஸ்பெயின் அரசர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒரே கோலை அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், அதே ஆட்டத்தில் கடைசி நேரத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவரும் அவர்தான். இதைக் கேட்டு இன்று அட்டை வாங்கிய தம்பி சிரிக்கிறார். சிரிக்க வேண்டாம், அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்தால் தெரியும்.

இப்போது சட்டைக்கு வருகிறேன். இந்த வெற்றிகளுக்கு நடுவே, 2006-இல், செவியா கிளப் ஒரு இணையச் சூதாட்ட நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. நிறுவனத்தின் பெயர் எல்லோருடைய நெஞ்சிலும் அச்சானது. கிளப்புக்கு அது பெரிய வருமானம். கனூத்தே, சூது எங்கள் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது, அதை நான் நெஞ்சில் சுமந்து விளம்பரம் செய்ய மாட்டேன் என்றார். சூரா அல்மாயிதாவில் மதுவையும் சூதையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் வசனம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாம் ஓதிவிட்டுப் போகிறோம். அவருக்கு அது வேலைக்கு வந்த சிக்கலாக ஆனது. சம்பளம் வாங்கும் ஓர் ஊழியர், முதலாளிக்குப் பணம் தரும் நிறுவனத்தின் பெயரைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்றால் எத்தனை பேருடைய முகம் சுளித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிளப் கடைசியில் இணங்கியது. மற்றப் பத்துப் பேர் நெஞ்சிலும் பெயர் இருக்க, அவர் மட்டும் பெயர் எழுதாத வெள்ளைச் சட்டையோடு ஆடினார்.

இதோடு நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தேடினால் அந்த நிறுவனத்தின் பெயரோடு அவர் ஆடும் படங்களும் உங்களுக்குக் கிடைக்கும். ஆமாம், பின்னால் கிளப்போடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்து, மற்றவர்கள் அணிந்த சட்டையையே அணிந்தார். செயலாளர் பாதியை மறைத்துவிட்டார் என்று நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். இதைக் கேட்டு அவருடைய மதிப்பு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஊழியர். அவருடைய கை எட்டிய வரையில் நின்றார், உலகமே அந்தக் கேள்வியைப் பேசும்படி செய்தார். நம்முடைய நிலைமை வேறு. இந்தப் போட்டிக்கு நாம் யாருடைய ஊழியரும் அல்ல. நாமே நடத்துகிறோம். வேண்டாம் என்று சொன்னதால் நம்மில் யாருக்கும் சம்பளம் போகவில்லை, ஒரு பனியன்தான் போயிற்று.

"பேரு மட்டும்தானே" என்ற கேள்விக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் டிரஸ்ட் அலுவலகத்தில் மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். சென்ற நோன்புக்கு முன் ஓர் அம்மா வந்தார். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை அடகுக் கடையில் இருக்கிறது, மீட்க உதவ வேண்டும் என்றார். எதற்காக அடகு வைத்தது என்று மனுவில் எழுத வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கூட வந்த மகன் தலையைக் குனிந்து, கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தான். அந்தத் திரையில் இருந்த பெயரும், நமக்கு ஜெர்சி தர வந்த நிறுவனத்தின் பெயரும் ஒன்றுதான். குழுவில் நான் வேண்டாம் என்று கையைத் தூக்கியபோது என் கண் முன்னால் நின்றது அந்தப் பையன்தான். அவனும் ஒரு காலத்தில் இந்த மைதானத்தில் ஓடியவன்.

சரி, இஷ்பீலியாவுக்குத் திரும்புவோம். வாடகைக் கட்டடத்தில் பள்ளிவாசல் என்று சொன்னேன். இஸ்லாத்தைத் தழுவிய ஸ்பானியர்களும், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் அங்கே தொழுதார்கள். 2007-இல் ஒப்பந்தக் காலம் முடிகிறது, கட்டடம் விற்பனைக்கு வருகிறது. வேறு யாராவது வாங்கினால் பாயைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டியதுதான். வாடகைப் பள்ளியில் தொழுத அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பயம் என்ன என்று தெரியும். கட்டட உரிமையாளர் ஜும்ஆ அன்று வாசலில் வந்து நின்றாலே முத்தவல்லிக்கு வயிறு கலங்கும்.

கனூத்தே அந்தக் கட்டடத்தை விலைக்கு வாங்கினார். ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறக்குறைய மூன்று கோடி ரூபாய். அவருடைய ஓராண்டுச் சம்பளத்துக்கு அது நெருங்கி வரும் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. தன்னுடைய இணையப் பக்கத்தில் அவர் அதைப் பற்றி எழுதவில்லை. அங்குள்ள முஸ்லிம்கள் அவர் உதவியிராவிட்டால் வெள்ளிக்கிழமை தொழ இடம் இருந்திருக்காது என்று சொல்லித்தான் செய்தி பரவியது. இங்கே நாம் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதன் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதுகிறோம். விசிறி சுற்றும்போது அந்தப் பெயரை யாரும் படிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஒரு பந்து வீரருக்கு ஓராண்டுச் சம்பளம் என்றால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். அரசு ஊழியருக்கு முப்பது, முப்பத்தைந்து ஆண்டு வேலை இருக்கிறது, பிறகு ஓய்வூதியம். கடைக்காரருக்கு உடம்பு ஒத்துழைக்கும் வரை கடை. பந்து வீரருக்குக் கிடைப்பது பதினைந்து வருடம். முழங்கால் போனால் அதுவும் இல்லை. அந்த 2007 ஆகஸ்டிலேயே, மாட்ரிட்டில் கோப்பை வாங்கிய சில நாட்களில், அவரோடு ஆடிய அந்தோனியோ புவெர்தா என்ற 22 வயது இளைஞர் ஆட்டத்தின் நடுவே மைதானத்தில் சரிந்தார். இதயக் கோளாறு. மூன்று நாளில் மருத்துவமனையில் இறந்துபோனார். உடை மாற்றும் அறையில் அவருடைய இடம் காலியாக இருந்த பருவம் அது. கனூத்தே பள்ளிவாசலை வாங்கியதும் அதே பருவத்தில்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல மாட்டேன், அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் தெரிந்தது. ஆனால் மூன்று கோடியை நாளைக்கு என்று பூட்டி வைக்க எல்லாக் காரணமும் இருந்த ஒரு தொழிலில் இருந்துகொண்டு அதைக் கொடுத்தார்.

மாலியில், தலைநகர் பமாகோவுக்கு அருகே, யதீம் பிள்ளைகளுக்காக ஸகீனா என்ற பெயரில் ஒரு சிறுவர் கிராமத்தைத் தன் அறக்கட்டளை மூலம் ஏற்படுத்தினார். பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்கை போட்டு வைக்கும் விடுதி இல்லை, வீடுகளாக அமைந்த இடம். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் ஏற்பாடு உண்டு. நம் டிரஸ்ட் யதீம் நிதியின் பொறுப்பாளர்களிடம் இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று இருக்கிறேன், இங்கே வளர்க்கவில்லை.

2009 ஜனவரி. காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள். அரசர் கோப்பை ஆட்டம் ஒன்றில் கோல் அடித்துவிட்டு, ஜெர்சியைத் தூக்கினார். உள்ளே கறுப்புப் பனியனில் பாலஸ்தீன் என்ற பெயர் பல மொழிகளில் எழுதியிருந்தது. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். ஸ்பெயின் கால்பந்துச் சங்கம் மூவாயிரம் யூரோ அபராதம் போட்டது. நெஞ்சில் ஒரு பெயர் வேண்டாம் என்றவர், எந்தப் பெயர் வேண்டும் என்று தானே தேர்ந்தெடுத்த சமயம் அது. விதியை மீறினார், அபராதமும் வந்தது. தம்பிகளே, நீங்கள் நடுவரிடம் இதை முன்னுதாரணமாகக் காட்டி வாதாட வேண்டாம்.

2012 வரை செவியாவில் இருந்தார். அந்த அணிக்காக மட்டும் 130 கோலுக்கு மேல். பிறகு சீனாவில் பெய்ஜிங் அணிக்கு ஆடிவிட்டு 2013-இல் நிறுத்திக்கொண்டார். விளையாட்டு நின்ற பிறகும் செவியாவை விடவில்லை. 2019-இல், அந்த ஊரில் ஒரு பள்ளிவாசலைப் பள்ளிவாசலாகவே கட்ட வேண்டும், பழைய கட்டடத்தில் ஒதுங்கி இருக்கக் கூடாது என்று, பத்து லட்சம் டாலர் இலக்கு வைத்து உலகம் முழுவதும் நிதி கேட்டார். எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே அப்படி ஒன்று கட்டப்பட்டதில்லை. முதல் தடவை தனியாளாக வாங்கிக் கொடுத்தவர் இந்தத் தடவை எல்லோரிடமும் கை நீட்டினார். வசூலுக்குப் போய்ப் பழகிய நமக்குத் தெரியும், கொடுப்பதைவிடக் கேட்பது கஷ்டம்.

பிள்ளைகளின் அத்தாமார்கள் சிலர் என்னிடம், பந்தைக் காட்டிப் படிப்பைக் கெடுக்கிறீர்கள் என்று குறைபட்டதுண்டு. நியாயமான குறைதான். கனூத்தே அளவுக்கு வருகிறவர்கள் லட்சத்தில் ஒருவர்கூட இல்லை. இங்கே இருக்கும் நாற்பத்து நான்கு பேரில் எத்தனை பேர் பந்தை நம்பிப் பிழைக்க முடியும் என்று கேட்டால் நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அநேகமாக ஒருவரும் இல்லை. அதனால்தான் பயிற்சி நேரத்தை அஸருக்குப் பின் மஃரிபுக்கு முன் என்று வைத்திருக்கிறோம், பரீட்சை மாதத்தில் மைதானத்தைப் பூட்டுகிறோம். அந்த ஒன்றரை மணி நேரம் உங்கள் பிள்ளை கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறான் என்பதையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. நிறுவனத்தை வேண்டாம் என்று சொன்ன செய்தி தெரிந்து, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஆறு பேர் ஜெர்சிக்கான செலவைப் பகிர்ந்து ஏற்றிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் கடை வைத்திருப்பவர்கள். கடைப் பெயரைப் போடலாமா என்று நானே கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். துணி எடுத்தாகிவிட்டது, தைக்கக் கொடுத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் வந்துவிடும். முதுகில் நம்பர் இருக்கும். நெஞ்சில் எதுவும் இருக்காது. அளவு கொடுக்காத தம்பிகள் போவதற்கு முன் அலுவலகத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகவும்.

மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. தலைவர் அவர்களைப் பரிசுகளை வழங்க அழைக்கிறேன். முதலில், இரண்டாம் இடம் பெற்ற அணி.